காணாப் பணிக்குக் கைம்மாறு

பேராக் மாநிலத்தில் ரப்பர்க் கன்றுகள் முதன்முதலாகக் கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்டன. பின்னர்க் காம்பார், கோப்பெங், தாப்பா வட்டாரங்களில் ஈயச் சுரங்கங்களை அடுத்துத் தோட்டங்கள் எழுந்தபோது, விடியுமுன் உளியேந்தி நிரைக்குச் சென்றவர்களுள் மிகப் பலர் தமிழர். பால் மரம் சீவுதல் எளிய வேலையன்று. பட்டையின் உட்புறத்தே, மரத்தை ஒட்டி, மெல்லியதோர் உயிர்ப்படலம் உண்டு. பால்குழாய்கள் அதற்கு மிக அருகிலேயே செறிந்துள்ளன. ஆழமாகச் சீவினால் அன்றைய மங்கு நிறையும். ஆயின் உளி அப்படலத்தைத் தொட்டுவிடுமாயின் மரம் காயமுறும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் சீவ வேண்டிய காலத்தில் உளி ஓடாது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நடத்திய ரிட்லி 1890-களில் வகுத்துப் பரப்பிய முறையின் உயிர்நாடியே, மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கலாம் என்பதுதான்.

பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு அன்றைய பாலை மட்டுமே அறியும். நீர் கலந்த பாலைக் காட்டிக்கொடுக்க மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி வந்தது; அதுவும் பாலின் திண்மையைச் சொல்லுமேயன்றி மரத்தின் காயத்தைச் சொல்லாது. காயத்தை அறிய ஒருவர் மரத்துக்கு மரம் நடந்து பட்டையைத் தடவிப் பார்த்தாக வேண்டும். மிகுதியாகப் பால் கொணர்ந்தவனுக்குக் கூடுதல் கூலி கிடைத்தது. காயமின்றிச் சீவியவனுக்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலும், ஏச்சு வாங்காமல் வீடு திரும்பும் பேறு மட்டுமே.

பணியின் அளவுக்குப் பரிசு தருவது எளிது. அதன் செம்மைக்கும் ஒழுங்குக்கும் பரிசு தருவது எங்ஙனம்? இவ்வினா தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை. இன்று அது மிகக் கூர்மையாக எழுந்து நிற்கும் களம், திறமூல மென்பொருள் எனப்படும் கட்டற்ற மென்பொருளின் களமாகும். அங்கே பணிபுரிவோருட் பலர் கூலியே பெறாதவர். கூலியற்ற இடத்தில் செம்மையை எதைக் கொண்டு போற்றுவது?

தமிழாசிரியருக்குத் திறமூலம் என்பதை விளக்கப் பெரிய முயற்சி வேண்டுவதில்லை. ஏட்டுச் சுவடியை எண்ணிக்கொண்டால் போதும். சுவடி பெற்றவர் எவரும் அதைப் படிக்கலாம், படியெடுக்கலாம், பிழையெனத் தோன்றியதைத் திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அவ்வுரிமைகளே இம்மென்பொருளின் இலக்கணம். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். பின்லாந்தில் மாணவராயிருந்த லினசு டோர்வால்ட்சு 1991-இல் லினக்சு என்னும் கருவை எழுதி உலகின்முன் வைத்தார். ஆண்டிராய்டு வகைக் கைப்பேசி ஒவ்வொன்றினுள்ளும் இன்று இயங்குவது அக்கருவே. தமிழிலும் இதன் பயன் சிறிதன்று. தமிழ்த் தட்டச்சுக்கு எ-கலப்பை வந்தது. பயர்பாக்சு உலாவியும் லிப்ரே ஆபிசும் தமிழ் முகம் பெற்றன. சுவடி மரபு நம் நூல்களைக் காத்ததும் அதன் திறந்த தன்மையால். பாடபேதங்களும் இடைச்செருகல்களும் புகுந்ததும் அதே தன்மையால். எவரும் எழுதலாம் என்ற இடத்தில், எவர் எழுதியதை ஏற்பது என்று ஆராய்ந்து முடிவுசெய்யும் ஒருவர் இன்றியமையாதவராகிறார். மென்பொருள் உலகில் அவரைப் பராமரிப்பாளர் என்பர்.

கைம்மாறு கருதாமல் கொடுப்பவர்க்குக் கைம்மாறு ஏன் என்று கேட்பவர் உளர். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தைச் சான்று காட்டி, மழைக்கு உலகம் என்ன கொடுத்துவிட்டது என்பர். வாதம் அழகியதே. ஆயினும் அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒப்புரவறிதல் கொடுப்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது. பெறுபவனுக்கு வள்ளுவர் வேறோர் அதிகாரம் வைத்தார், அது செய்ந்நன்றியறிதல். கொடுப்பவன் கேளாதிருப்பது அவன் பெருமை. அதைக் காரணமாகக் காட்டிப் பெறுபவன் வாளாவிருப்பது கடமை தவறுதலே. இரண்டு அதிகாரங்களையும் இடம் மாற்றிப் படிப்பவர்க்கே இலவசப் பணி என்பது இனிய சொல்லாக ஒலிக்கும்.

அவ்வாறு இடம் மாற்றிப் படித்ததன் விளைவு 2014-ஆம் ஆண்டு ஏப்பிரலில் உலகுக்குத் தெரிந்தது. இணையத்தில் வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் பிறர் கண்ணுக்குப் படாமல் மறைத்து அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல மென்பொருளில் ஒரு வழு கண்டறியப்பட்டது. 'ஆர்ட்பிளீடு', அஃதாவது குருதி கசியும் நெஞ்சம், என்று அதற்குப் பெயரிட்டனர். 2012-இல் வெளியான பதிப்பிலேயே அது புகுந்திருந்தது. எழுதியவரும் கவனிக்கவில்லை, சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. உலகப் பெருநிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கிடைத்துவந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டாலர். முழுநேரம் உழைத்தவர் ஒருவர். பாலத்தின்மேல் ஆயிரம் வண்டிகள் ஓட, அதன் தூணைப் பார்க்க ஒரே ஒருவரை, அதுவும் அவரது தயவில், நிறுத்தியிருந்ததற்கு ஒப்பாகும் இது. விபத்துக்குப் பின்னர்ப் பெருநிறுவனங்கள் கூடி நிதி திரட்டின. வந்தது நல்லதே, வந்த காலம்தான் தவறு.

பரிசு கொடுத்தால் தீர்ந்துவிடுமா என்றால், தவறான பரிசு பரிசின்மையினும் தீங்கு செய்யும் என்பதற்கும் இக்களத்திலேயே சான்று உண்டு. திறமூலப் பணியை ஊக்குவிக்க டிஜிட்டல் ஓசன் என்னும் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு விழா நடத்திவருகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-சட்டை பரிசு. 2020-இல் அவ்வெண்ணிக்கை நான்கு. விளைவு, உலகெங்குமிருந்து பொருளற்ற திருத்தங்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. நல்லதொரு விளக்கவுரையில் 'அருமையான திட்டம்' என்ற சொற்களைச் சேர்த்துவிட்டு, அதையே திருத்தம் என்று அனுப்பியவர் பலர். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து மறுக்க வேண்டிய சுமை, எப்பரிசும் பெறாத பராமரிப்பாளர் தலையில் விழுந்தது. விழாத் தொடங்கிய சில நாட்களிலேயே, விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டுமே திருத்தம் அனுப்பலாம் என விதியை மாற்ற நேர்ந்தது. 2023-இல் டி-சட்டையும் நின்றது. ஒரு சட்டைக்காக மனிதர் இத்துணை தாழ்வரா என்று வியப்பவர், பள்ளிகளில் படித்த நூல்களின் எண்ணிக்கைக்குச் சான்றிதழ் வழங்கினால் மாணவர் மெல்லிய நூல்களையே தேடி எடுப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவும் இத்தகைய சோதனையைக் கண்டது. 2003-இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியம் தன்னார்வலரால் வளர்ந்தது. 2009, 2010 ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அதில் ஏற்றியது. கட்டுரைகள் நீண்டவை, எண்ணிக்கையும் பெருகிற்று. ஆனால் தமிழ் வாசகர்க்குத் தொடர்பற்ற தலைப்புகளும், ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு துருத்தி நிற்கும் நடையும், எழுத்துப் பிழைகளும் மலிந்திருந்தன.  ஏற்றிய சொற்கள் தமிழாக நின்றனவா என்பதே வினா. நாள்தோறும் திருத்திக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒரு கட்டத்தில், வந்தவற்றைச் செப்பனிட்ட பிறகே புதியன ஏற்க இயலும் என்று உறுதியாக நின்றனர். அவர்களுள் ஒருவர் 2010-இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இக்குறைகளை உலகோர்முன் எடுத்துரைத்தார். சின்னஞ்சிறு மொழிக்குழு ஒன்று பெருநிறுவனத்தின் கொடையை ஆராய்ந்து ஏற்பேன் என்று சொன்னது சிறிய செயலன்று. எண்ணிக்கைப் பட்டியலில் பிற இந்திய மொழிகளை முந்தும் வாய்ப்பு எதிரே இருக்கும்போது அதைச் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும்.

ஒழுங்கைப் போற்றுவதில் இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. ஒழுங்கு நடிக்கப்படலாம். எக்சுஇசட் என்னும் சிறு மென்பொருள், கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவது. லினக்சுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் உள்ளது. அதை லாசே காலின் என்னும் பின்லாந்தியர் ஊதியமின்றி, ஏறக்குறையத் தனியாகவே பேணிவந்தார். 2021 முதல் சியா டான் என்ற பெயரில் ஒருவர் அவருக்கு உதவ முன்வந்தார். காலந்தவறாமல் திருத்தம் அனுப்பினார், பணிவாக எழுதினார். இதற்கிடையே, யாரென்றே தெரியாத சிலர் காலினை நோக்கி, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று நெருக்கினர். உள்ளநலம் குன்றியிருந்த காலின், இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்று நினைவூட்டினார், பயனில்லை. பொறுப்பு மெல்ல மெல்லப் புதியவர் கைக்கு மாறியது. ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கையை ஈட்டிய அந்தக் கை, 2024-இல் உலகக் கணினிகளுக்குள் நுழையும் கள்ளவழி ஒன்றை அம்மென்பொருளில் செருகியது. கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரசு பிராய்ண்டு என்னும் பொறியாளர் அதைத் துருவிச் சென்று மார்ச்சு 29-இல் வெளிப்படுத்தினார். அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வருமுன் தடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் ஆராயத் தக்கது கள்ளனின் திறம் அன்று. காலினை நெருக்கியவர் கேட்டவை யாவும் அளக்கக் கூடியவை: விரைவு, எண்ணிக்கை, புதிய பதிப்பு. காலினிடம் இருந்த நிதானத்தை எவரும் ஒரு பண்பாக எண்ணவில்லை, குறையாகவே எண்ணினர். பிராய்ண்டு அரை நொடியைத் தேடிச் சென்றதோ எவரும் அவருக்கு இட்ட வேலையன்று. உலகைக் காத்த அந்தச் சில நாள் ஆராய்ச்சி எப்பட்டியலில் ஏறும்? புதிதாக ஒரு வரியும் அதனால் எழுதப்படவில்லையே.

பிழை காண்பதற்கே பரிசு வைத்தவரும் உண்டு. தெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைப் படைத்துப் பொதுவில் வைத்த டொனால்டு நூத்து, தம் நூல்களில் பிழை சுட்டுவோர் ஒவ்வொருவர்க்கும் 2.56 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்பும் வழக்கம் கொண்டிருந்தார். தெக் மென்பொருளில் வழு காண்போர்க்கான தொகையை ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலர் வரை உயர்த்தினார். பெற்றவர் பலர் அக்காசோலையை வங்கியில் மாற்றவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். அவர்கள் பெற்ற மதிப்பு 2.56 டாலரில் இல்லை. தம் எழுத்தைத் தாமே நுணுகி அறிந்த ஒருவர், இவர் கண்டது மெய்யான பிழைதான் என்று கையொப்பமிட்டுச் சொன்னதில் இருந்தது. அந்தக் கையொப்பம் இல்லாத இடத்தில் இதே முறை பாழாவதையும் காண்கிறோம். பிழை சுட்டினால் பெருந்தொகை என அறிவித்த திட்டங்களுக்கு, செயற்கை அறிவைக் கொண்டு எழுதப்பட்ட பொய்ப்பிழை அறிக்கைகள் குவியத் தொடங்கின. கர்ல் என்னும் மென்பொருளைப் பேணிவரும் டேனியல் ஸ்டென்பெர்க் 2025-இல் இதுபற்றி மனம் வெதும்பி எழுதினார். காசு ஒன்றே, கொடுக்கும் கை அறிந்த கையா என்பதில்தான் வேறுபாடு.

செம்மையைப் போற்றும் வழி தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப் பாயிரத்தைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். நூலாசிரியர் பெயரோடு, அந்நூல் அரங்கேறிய நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையும், அங்கே நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசான் பெயரும் அதில் உள்ளன. அதங்கோட்டாசான் வாளா அமர்ந்து கேட்டவரல்லர். சூத்திரந்தோறும் அவர் குற்றம் கூறியதாகவும், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடையிறுத்ததாகவும் நச்சினார்க்கினியர் உரை ஒரு கதை சொல்கிறது. கதை எவ்வாறாயினும் ஆகுக. குறை தேடியவர் பெயர் நூலின் தலைவாயிலில் பொறிக்கப்பட்டது என்பதுதான் இங்கு வேண்டுவது. அதங்கோட்டாசான் இயற்றியதாக ஒரு நூலும் இன்று கையில் இல்லை. ஆயினும் தொல்காப்பியம் ஓதப்படும் இடமெல்லாம் அவர் பெயரும் ஓதப்படுகிறது. நன்னூல் சிறப்புப் பாயிரத்தின் கூறுகளை எண்ணும்போது, ஆக்கியோன் பெயரோடு கேட்போரையும் ஒரு கூறாக வைத்தது. காலம், களம், காரணம் என்பவற்றைச் சேர்த்தெண்ணுவாரும் உளர் என்றது.

லினக்சுக் கருவைப் பேணுவோர் நன்னூலைப் படித்திருக்க மாட்டார்கள். எனினும் அங்கே ஏற்கப்படும் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் ஒரு குறும்பாயிரம் உண்டு. எழுதியவர் பெயர், பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டவர் பெயர், சீராய்ந்தவர் பெயர், சோதித்தவர் பெயர், முதலில் குறையை அறிவித்தவர் பெயர் எனத் தக்கவாறு வரிகள் நிற்கும். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலும் இதனையே காணலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளிலிருந்து தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக வழங்கினர். நூலின் முகப்பில் தட்டெழுதியவர்க்கும் மெய்ப்புப் பார்த்தவர்க்கும் பெயர் சுட்டி நன்றி கூறப்பட்டது. ஒற்று மிகுமா மிகாதா, அடி சரியாகப் பிரிந்ததா என்று விழி நோகப் பார்த்தவர்க்கு அந்த ஒரு வரியே கைம்மாறு. வரி சிறிதுதான், ஆனால் அது சரியான ஆளைச் சென்றடைந்தது.

பெயரால் வயிறு நிறையுமோ என்று கேட்பது நேர்மையான கேள்வி. நிறையாது. பெயர் மட்டும் போதும் என்று பிறர் உழைப்பில் பொருளீட்டுவோர் சொல்வது அறமாகாது. ஆயின் பொருள் கொடுக்கும் முறையில் கருத்து வேண்டும். திருத்தத்துக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு எனக் கூலி வகுத்தால் ஆழச் சீவும் உளிகளே பெருகும். செருமனி அரசு 2022-இல் தொடங்கிய நிதியம், பலர் சார்ந்திருக்கும் திறமூல மென்பொருள்களைப் பேணுவதற்கென்றே பொருள் வழங்குகிறது. பேணுவோர்க்கு இவ்வாறு கிடைப்பது காலம். அவசரமின்றிப் படிக்கவும், ஐயமெழுந்தால் நிறுத்தவும், ஏற்கத் தகாததை 'வேண்டா' என்று மறுக்கவும் ஆன காலம். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் மாதச் சம்பளம் கேட்டு நெடுங்காலம் போராடியதன் நியாயம் இவ்விடத்தில் விளங்கும். மழை பெய்து மரம் நனைந்த நாளில் சீவாதிருப்பதும் தொழிலின் ஒரு பகுதியே. ஆனால் அன்று நிறுக்க ஒன்றும் இராது.

மென்பொருட் பணி எங்கோ மேல்நாட்டில் நிகழ்வது, தமிழ்ப் பள்ளிக்கு அதில் என்ன இடம் என்று ஒதுங்குதல் பொருந்தாது. திறமூல மென்பொருளைத் தமிழாக்கும் தளங்களில் எவரும் ஒரு தொடருக்குத் தமிழ் எழுதிப் பரிந்துரைக்கலாம். இத்தனை விழுக்காடு முடிந்தது என்று ஒரு கோடு நீண்டு காட்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பக்கத்தில் 'கோப்பு', மறுபக்கத்தில் 'ஆவணம்', மூன்றாம் பக்கத்தில் ஒலிபெயர்ப்பு என்று கிடந்தாலும் அக்கோடு நீளும். ஏவல் வினை வேண்டிய பொத்தானில் தொழிற்பெயர் நின்றாலும் நீளும். அக்கோட்டுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அறிந்தவர், அதிலும் ஏட்டைத் திருத்திப் பழகிய கண்ணுடையவர், அமர்ந்து பார்த்தாலன்றி இக்குறை நீங்காது. அத்தகையோர் எவ்விடத்தும் மிகுதியாக உள்ளது ஆசிரியர் அறையில்தான்.

எழுத்தாளர் அமைப்புகள் ஆண்டுதோறும் சிறுகதைக்கும் கவிதைக்கும் புதினத்துக்கும் பரிசளிக்கின்றன. மின்னூல் ஒன்றை மூலச்சுவடியோடும் முதற்பதிப்போடும் ஒப்பிட்டுத் திருத்தியவர்க்கு, தமிழ் மென்பொருளின் சொற்களை ஒருசீராக்கியவர்க்கு, ஒரு பரிசு அறிவிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அறிவித்தவுடன் எழும் முதல் இடர், நடுவர் குழுவில் யார் அமர்வது என்பதாகும். சிறுகதையை ஒரு மாலையில் படித்து மதிப்பிடலாம். திருத்தத்தை மதிப்பிட, திருத்தியவர் கடந்த வழி முழுவதையும் நடுவரும் வரிவரியாகக் கடந்தாக வேண்டும். அதற்கு இசையும் மூவரைக் கண்டுபிடிப்பதே, பரிசுத் தொகையைத் திரட்டுவதினும் கடினமாயிருக்கும். அம்மூவர் பெயரையும் பரிசு பெற்றவர் பெயரோடு சேர்த்தே அச்சிட வேண்டும்.